கோந்தே: காலம் கனிவித்த பால்

பால் நெடுநேரம் நிற்கும் பொருளன்று. காலையிற் கறந்த பாலைக் காய்ச்சாது விட்டால் மாலைக்குள் திரிந்துவிடும். காய்ச்சி வைத்த பாலும் மறுநாள் முழுதும் நிற்பது அரிது. ஆதலின், கால்நடையை நம்பி வாழ்ந்த மக்கள் எந்நாட்டினராயினும் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியவராயினர். இன்று மிஞ்சிய பாலை நாளைக்கு எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதே அக்கேள்வி. நம் முல்லை நிலத்து ஆயர் கண்ட விடை தயிரும் மோரும் வெண்ணெயும் நெய்யுமாம். பிரெஞ்சு நாட்டின் கிழக்கெல்லையில், ஜூரா மலைத்தொடரில் வாழ்ந்த உழவர் கண்ட விடையோ ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு பெரும் பாலாடைக்கட்டி. அதன் பெயர் கோந்தே. அம்மலைநாட்டின் பெயராகிய ஃபிரான்ஷ்-கோந்தே என்பதிலிருந்து வந்தது அப்பெயர்.

இவ்விரு விடைகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்பதற்குப் பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் ஏற்றதோர் இடமாகும். அதன் காரணத்தை முதற்கண் கூறுவோம்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்தினின்றும் பெங்களூருக்கு மாற்றினர். படையோடு தமிழ்நாட்டுச் சிப்பாய்களும், வணிகரும், கைவினைஞரும், கறவை மாடு வைத்துப் பிழைப்போரும் வந்து குடியேறினர். 1898-இல் கொள்ளைநோய் பரவிப் பழைய குடியிருப்புகளை வாட்டியது. அதன் பின்னர், நெருக்கமில்லாத புதிய குடியிருப்புகள் படைமுகாம் பகுதியின் வடபால் அமைக்கப்பட்டன. ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவற்றோடு ரிச்சர்ட்ஸ் டவுனும் அவ்வாறு எழுந்ததே. இதற்குப் பெயர் தந்தவர் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆட்சி அலுவலர். 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட விவரச் சுவடியைத் தொகுத்தவரும் அவரே. ஆகவே தமிழ்நாட்டு வரலாறு பயில்வோருக்கு அவர் அயலாரல்லர்.

இப்பகுதியில் இரண்டு உணவு மரபுகள் சுவருக்குச் சுவர் வாழ்ந்தன. ஒரு வீட்டில் உறைமோர் ஊற்றிய தயிர்ச்சட்டி. அடுத்த வீட்டில் ரொட்டியும் வெண்ணெயும், கப்பலில் வந்த பாலாடைக்கட்டியும். அண்மையிலேயே, பாரிஸ் நகரத்து அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார் நெடுங்காலம் பணியாற்றிய தூய பிரான்சிஸ் சவேரியார் பேராலயம் நிற்கிறது. எனினும் அருகருகே வாழ்ந்த அவ்விரு மரபினரும் ஒருவர் பாண்டத்தை மற்றவர் நன்கு அறிந்தனர் என்று கூறுவதற்கில்லை. தயிர் உண்போர்க்குப் பாலாடைக்கட்டி கெட்ட பாலாகவும், பாலாடைக்கட்டி உண்போர்க்குத் தயிர் புளித்த பாலாகவும் தோன்றிற்று. இரண்டும் நுண்ணுயிர்களின் தொழிலே என்னும் உண்மை இருவர்க்கும் பொதுவானது.

பால் பற்றிய அறிவியலிலும் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. 1923-இல் இங்கு, ஓசூர்ச் சாலையருகே, கால்நடை வளர்ப்புக்கும் பாற்பண்ணைத் தொழிலுக்குமான பேரரசு நிலையம் நிறுவப்பெற்றது. 1927-இல் உடல்நலம் தேறும்பொருட்டுப் பெங்களூரில் தங்கிய காந்தியடிகள் அந்நிலையத்திற்குச் சென்று பசு வளர்ப்பு முறைகளைக் கற்றார். பிற்காலத்தில் ஆனந்தில் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியனும் இளமையில் இந்நிலையத்தில் சிறிது காலம் பயின்றவரே. 1955-இல் தலைமையகம் கர்னாலுக்கு மாறிற்று. பெங்களூர் நிலையம் தென்மண்டலக் கிளையாயிற்று. 1965-இல் அந்நாள் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பெங்களூர்ப் பால் பண்ணையைத் திறந்து வைத்தார். இவ்வளவு பெருமை இருந்தும், இந்நகருக்கென ஒரு முதிர்ந்த பாலாடைக்கட்டி தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை, இனியேனும் தோன்றுமா என்னும் வினாக்களுக்கு விடை காண, நாம் ஜூரா மலைக்குச் சென்று வருதல் வேண்டும்.

ஜூரா மலையில் பனிக்காலம் நீண்டது. பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். அக்காலத்தே சிற்றூர்களினின்றும் சந்தைக்குச் செல்லும் வழிகள் அடைபட்டுவிடும். கோடையிலோ புல் செழித்துப் பால் பெருகும். கோடையின் பாலைக் குளிர்காலத்து உணவாகவும், அடுத்த ஆண்டின் விற்பனைப் பொருளாகவும் மாற்ற வேண்டிய கட்டாயம் அம்மக்களுக்கு இருந்தது. சிறிய கட்டி விரைவில் உலர்ந்துபோகும்; பெரிய கட்டி நெடுநாள் நிற்கும். ஆயின் பெரிய கட்டி ஒன்று செய்ய ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். மூன்று நான்கு பசுக்கள் வைத்திருந்த குடியானவன் அவ்வளவு பாலுக்கு எங்கே போவான்?

அண்டை வீட்டாரின் பாலோடு தன் பாலைச் சேர்ப்பதே ஒரே வழி. 13-ஆம் நூற்றாண்டிலேயே அம்மலையூர்களில் இத்தகைய கூட்டு முயற்சி இருந்ததற்கு ஆவணச் சான்று உண்டு. ஊரார் அனைவரும் நாள்தோறும் பாலைக் கொணர்ந்து ஓரிடத்திற் சேர்ப்பர். ஒவ்வொருவர் பங்கும் கணக்கு வைக்கப்படும். விளைந்த கட்டி பங்குக்கேற்பப் பிரிக்கப்படும். அவ்விடத்திற்கு ஃப்ருயித்தியேர் என்று பெயர். உழைப்பின் கனியைப் பகிர்ந்துகொள்ளும் இடம் என்று அதற்குப் பொருள் கூறுவர். நம் நாட்டில் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் சங்கம் தோன்றியது 1946-இல். அது நிகழ்வதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பனிக்கு அஞ்சிய மலைவாழ் மக்கள் கூட்டுறவின் பயனை உணர்ந்திருந்தனர் என்பது கருதத்தக்கது. இன்றும் ஜூராப் பகுதியில் அத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ 150 இயங்கி வருகின்றன.

இனி, கட்டி உருவாகும் முறையைப் பார்ப்போம். மோன்பெலியார் என்னும் இனத்துப் பசுக்களின் பாலே பெரிதும் பயன்படுகிறது; பிரெஞ்சு சிமெந்தால் இனத்தையும் விதிகள் ஏற்கும். பசுவுக்குக் கோடையில் பசும்புல்லும் குளிர்காலத்தில் உலர்புல்லும் உணவு. குழியிற் புதைத்துப் புளிக்கவைத்த தீவனம் தருதல் கூடாது. பால் காய்ச்சப்படுவதில்லை. பெரிய செப்புக் கொப்பரைகளில் இளஞ்சூடாக்கப்பட்ட பச்சைப் பாலில் உறைநுண்ணுயிர்களும், கன்றின் இரைப்பையினின்று எடுத்த உறைபொருளும் சேர்க்கப்படும். பால் திரண்டதும், அத்திரளைக் கோதுமை மணியளவாக நறுக்கி, 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் கிளறுவர். திரளிலுள்ள நீர் வெளியேறும். பின்னர் அதனை வட்ட அச்சிலிட்டு அழுத்துவர். மறுநாள் கையில் இருப்பது வெண்மையான, மணம் குறைந்த, சுவை எளிதான ஒரு வட்டு. அது இன்னும் கோந்தே ஆகவில்லை.

அதனைக் கோந்தே ஆக்குவது காலம். வட்டுகளை நிலவறைகளில், தளிர்வண்ண ஊசியிலை மரமாகிய ஸ்ப்ரூஸ் பலகைகளின்மேல் அடுக்கி வைப்பர். அவற்றை அடிக்கடி புரட்டுதலும், உப்புநீரால் துடைத்தலும் வேண்டும். விதிப்படி 4 மாதங்களேனும் முதிர்தல் வேண்டும். பெரும்பாலானவை 8 மாதம் முதல் ஓராண்டு வரை வைக்கப்படும். 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் இருப்பனவும் உள. அக்காலத்தில் நுண்ணுயிர்களும் நொதிகளும் பாலின் புரதத்தைச் சிறிது சிறிதாகப் பகுத்து, புதிய மணங்களையும் சுவைகளையும் தோற்றுவிக்கின்றன. முதிர்ந்த கட்டியைக் கடிக்கும்போது பல்லில் நறநறவெனப் படும் சிறு மணிகளை உப்பென்று பலர் எண்ணுவர். அவை உப்பல்ல, புரதம் பகுபட்டமையால் தோன்றிய அமினோ அமிலப் படிகங்களே. அவை நெடுநாள் முதிர்ச்சிக்கு அடையாளம்.

நுண்ணுயிர்களின் இத்தொழிலை உலகுக்கு விளக்கிய லூயி பாஸ்டர், 1822-இல் இதே ஜூரா நாட்டுத் தோல் நகரில் பிறந்து, அர்புவா ஊரில் வளர்ந்தவர் என்பது ஒரு பொருத்தம். நொதித்தல் என்பது உயிர்களின் செயல் என்று அவர் ஆய்ந்து காட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அவருடைய நாட்டு உழவர் அவ்வுயிர்களைக் காணாமலே பழக்கி வந்தனர். உறைமோரின் அளவறிந்து தயிர் தோய்த்த நம் வீட்டுப் பெண்டிரும் அவ்வாறே.

மால்புயிசோன் என்னும் ஊரின் அருகே, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், தூய அந்தோணியார் கோட்டை என்றொரு கோட்டை உண்டு. 1870-71-ஆம் ஆண்டுப் போரில் பிரெஞ்சு நாடு பிரஷ்யரிடம் தோற்றபின், எல்லைக் காவலுக்கென அதனைக் கட்டினர். கல்லும் மண்ணும் மூடிய அதன் அறைகள் ஆண்டு முழுதும் குளிர்ந்திருப்பதைக் கண்டு, 1966 முதல் அங்குக் கோந்தே வட்டுகளை முதிரவைக்கத் தொடங்கினர். படைவீரர்க்கென எழுப்பிய அறைகளில் இன்று பல்லாயிரம் வட்டுகள் அமைதியாகக் கனிந்து வருகின்றன.

முதிர்ந்த வட்டு ஒவ்வொன்றையும் வல்லுநர் சோதிப்பர். சிறு கருவியால் தட்டி ஓசையைக் கேட்பர். துளையிட்டு ஒரு துண்டை எடுத்து முகர்ந்து சுவைப்பர். மதிப்பெண் 20. அதில் சுவைக்கு மட்டும் 9. 14-க்கு மேற்பட்டன பச்சைப் பட்டை பெறும்; 12 முதல் 14 வரை பெற்றன பழுப்புப் பட்டை பெறும்; 12-க்குக் குறைந்தவற்றைக் கோந்தே என்னும் பெயரால் விற்றல் ஆகாது. இதன் மணங்களை விளக்குவதற்கென 83 சொற்களை வகுத்து ஆறு குடும்பங்களாகப் பிரித்திருக்கின்றனர். வெண்ணெய், வறுத்த பருப்பு, உலர்பழம், உலர்புல், வெங்காயம், மிளகு என அவ்வரிசை நீள்கிறது. கோடைப் பாலிற் செய்தது சற்றே பொன்னிறமாகவும், குளிர்காலப் பாலிற் செய்தது வெளிறியும் இருக்கும். பசும்புல்லின் நிறப்பொருள் பாலில் இறங்குவதே அதற்குக் காரணம்.

இத்தகைய பொருளை உண்ணும் முறையும் அறியத்தக்கது. குளிர்ப்பெட்டியினின்று எடுத்தவுடன் உண்டால் அதன் மணம் வாய் திறவாது. பிரெஞ்சு நாட்டில் ஒரு மணி நேரம் முன்னரே வெளியில் எடுத்து வைப்பர். பெங்களூரின் காற்றுக்கு அரைமணி போதும். சென்னைக் கோடைக்குக் கால்மணியே மிகுதி. துண்டு போடுங்கால், முனையை மட்டும் ஒருவர்க்கும் தோலோரத்தை மட்டும் மற்றொருவர்க்கும் தருதல் முறையன்று. நடுவினின்று தோல் வரை நீள்வாட்டில் மெல்லிய சீவல்களாக நறுக்கினால் அனைவர்க்கும் எல்லாச் சுவையும் கிட்டும். தோலை நீக்கிவிடலாம். சீவலை இரண்டாக ஒடித்து முதலில் முகர்க. பின்னர் மெதுவாக மென்று, விழுங்கிய பின்னும் சிறிது நேரம் பொறுத்திருக்க. கோந்தேயின் சுவையில் ஒரு பகுதி விழுங்கிய பின்னரே வருவது. இளையதும் முதிர்ந்ததும் இருப்பின், இளையதை முதலிலும் முதிர்ந்ததைப் பின்னரும் உண்க.

உடன் உண்பதற்கு ரொட்டியும் அக்ரூட் பருப்பும் மரபாவன. அந்நாட்டார் தம் ஊர் மஞ்சள் ஒயினை அருந்துவர். மது அருந்தாதோர் பால் சேர்க்காத தேநீரோடு உண்ணலாம், நன்றாகவே பொருந்தும். பெங்களூர் நீலத் திராட்சையின் புளிப்பும் இதற்கு இணங்கும். ஊறுகாயும் மிளகாயும் அருகில் வரலாகாது. அவை வந்தால் இதன் மெல்லிய மணம் மறைந்தே போகும். மிஞ்சியதை மெழுகுத்தாளிற் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க. இறுகிய பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் வியர்த்துக் கெடும். அளவும் கருதத்தக்கதே: கொழுப்பும் உப்பும் மிகுந்த உணவு இது, ஒருவர்க்கு ஒரு வேளைக்கு 30 கிராம் போதும். நூறு கிராமில் ஏறத்தாழ ஒரு கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பாலிலுள்ள சர்க்கரை முதிர்ச்சியில் ஏறக்குறைய முற்றும் நீங்கிவிடுவதால், பால் செரியாதோர் பலர்க்கும் இது செரிக்கும்.

நேயர்களிற் பலருக்கு ஒரு தடை தோன்றியிருக்கும். புலால் உண்ணாதோர் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ந்த பண்டத்தை எங்ஙனம் உண்பர்? இத்தடை நேரிது, இதனைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளுதல் தகாது. கோந்தேயின் விதிகள் அவ்வுறைபொருளை விடுவதற்கு இடந்தருவதில்லை. ஆகவே அந்நெறியினர் அதனைத் தவிர்த்தலே முறை. எனினும் முதிர்ந்த பாலாடைக்கட்டி அனைத்திற்கும் கன்று வேண்டும் என்பதில்லை. அமுக்கிராவின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கனிகள் பாலைத் திரட்டும் ஆற்றல் உடையன என்பது வடமேற்கு இந்தியாவில் முன்னரே அறியப்பட்ட செய்தி. நுண்ணுயிர்களினின்றும் எடுக்கும் உறைநொதியே இன்று நம் நாட்டில் பெரிதும் வழங்குகிறது. பெங்களூரில் வல்லம்ப்ரோசா என்னும் இத்தாலிய மரபுத் துறவியர் இந்நூற்றாண்டில் பாலாடைக்கட்டி செய்து வருகின்றனர். புதுச்சேரி அருகே ஆரோவில்லிலும் அத்தொழில் நடைபெறுகிறது. நம் பாலும், நம் மக்கள் கையும் இதற்குப் பழகும் என்பதை இவை மெய்ப்பிக்கின்றன.

ஆயின் கைவினை மட்டும் போதாது. கோந்தே இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் சுவை மட்டுமன்று. அதன் பெயருக்கு அமைந்த காப்பும் ஆகும். 1958-இல் பிரெஞ்சு அரசு அப்பெயரைச் சட்டத்தாற் காத்தது. 1996-இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றது. எந்த மலையின் புல்லோ, எந்த இனத்துப் பசுவோ, எத்தனை நாள் முதிர்ச்சியோ, அவை அனைத்தும் விதியில் உள. வேறிடத்துப் பாலில் வேறு முறையிற் செய்ததற்கு அப்பெயர் இல்லை. ஆகவே வாங்குவோன் ஏமாறுவதில்லை. பால் தரும் உழவனுக்கும் பிற பகுதி உழவனினும் மிகுந்த விலை கிடைக்கிறது. பெரும் ஆலைகள் பரவிய காலத்திலும் சிற்றூர்ப் பால் நிலையங்கள் மூடப்படாது நின்றது இதனாலேயே. நம் நாட்டில் 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2019-இல் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் அக்குறியீடு பெற்றன. பெயரைப் பெறுதல் முதற்படியே. பெயருக்குரிய தரத்தை நாள்தோறும் சோதித்துக் காத்தலும், அதன் ஊதியம் பால் கறப்பவன் வரை சென்று சேர்தலும் அடுத்த படிகள். மதிப்பெண் குறைந்த வட்டுக்குப் பெயரை மறுக்கும் துணிவை ஜூரா உழவர்பால் நாம் கற்றல் வேண்டும்.

புகழ்ச்சி மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. விற்பனை பெருகப் பெருகப் பசுக்களும் பெருகின. சாணமும் உரமும் ஜூராவின் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகள் வழியே ஆறுகளுட் கசிகின்றன. 2010-ஐ ஒட்டிய காலத்தில் லூ ஆற்றில் மீன்கள் பெருவாரியாக மாண்டன. அதற்குப் பல காரணங்கள் கூறப்படினும், பாற்பண்ணைத் தொழிலும் அவற்றுள் ஒன்றென்னும் குற்றச்சாட்டு வலுவாகவே எழுந்தது. கால்நடைக்கும் நிலத்துக்கும் நீருக்கும் உள்ள அளவு பிறழ்ந்தால், ஏழு நூற்றாண்டுப் பழமையும் காப்பாற்றாது என்பதை அவர்கள் இப்போது உணர்ந்து வருகின்றனர். தன் ஏரிகளை இழந்து வரும் பெங்களூருக்கு இவ்வெச்சரிக்கை அயலானதன்று.

பெங்களூருக்கென ஒரு முதிர்ந்த பாலாடைக்கட்டி ஏன் தோன்றவில்லை என்று தொடக்கத்தில் வினவினோம். இங்குப் பனி வழியை அடைக்கவில்லை, பால் அன்றன்றே விற்றது, மிஞ்சியது நெய்யாயிற்று. தேவை எழாத இடத்தில் அத்தொழில் எழவில்லை. அது குறையன்று. ஆயின் இன்று நிலைமை வேறு. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் சிற்றுழவர்கள் பால் விலை போதாது வருந்துகின்றனர். மறுபுறம், ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் கடல் கடந்து வரும் கட்டிக்கு மிகுந்த விலை தர மக்கள் உளர். இவ்விருவரையும் இணைக்கும் வழி, கோந்தேயைப் போன்ற ஒன்றைப் போலியாகச் செய்து அதன் பெயரை ஒட்டி விற்பதன்று. ஓசூர், கோலார்ப் பக்கத்து ஊர்கள் தம் பாலை ஒன்றுசேர்த்து, தம் புல்லுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற கட்டியைத் தாமே கண்டு, தம் பெயரை இட்டு, அப்பெயருக்குத் தாமே காவலராதல் வேண்டும்.

அதற்கு அறிவியல் நிலையம் இங்கே உண்டு, கூட்டுறவும் உண்டு, தோய்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இனி வேண்டுவது முதிரும் வரை காத்திருக்கும் பொறுமையும், காத்திருக்கும் மாதங்களில் உழவனுக்குப் பால் பணம் தர ஓர் ஏற்பாடுமே.